நீதிமானாக்கப்பட்ட பாவியின் அறிக்கை: ஜேம்ஸ் ஹாக்கின் திகில் நாவலும் நமது திருப்பணியும்

முன்னுரை

அச்சமூட்டும் கதைகள் பொழுதுபோக்கிற்கு உரியவை. இறையியல் பயில்வோருக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை என்று எண்ணுவோர் உண்டு. பாழடைந்த கோட்டை, நள்ளிரவு, ஆவியுரு, இரகசியக் கொலை ஆகியவற்றைக் கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் எழுந்த காதிக் கதைகளில் பலவற்றைக் குறித்து இக்கூற்று பொய்யன்று. 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை' இவ்வகைக்கு வழிகாட்டியது. அதன்பின் வந்தவற்றுள் பெரும்பாலானவை வாசகரை ஓர் இரவு நடுங்கவைத்து மறைந்தன.

ஆனால் 1824இல் ஆசிரியர் பெயரின்றி இலண்டனில் வெளியான ஒரு நாவல் திகிலின் இருப்பிடத்தையே மாற்றியது. அதில் அச்சம் கோட்டையில் இல்லை. நாம் வகுப்பறையில் கற்று, பிரசங்க பீடத்தில் பேசும் ஒரு கோட்பாட்டின் நிழலில் இருக்கிறது. 'நீதிமானாக்கப்பட்ட ஒரு பாவியின் அந்தரங்க நினைவுகளும் அறிக்கைகளும்' என்பது அந்நூலின் பெயர். எழுதியவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் ஹாக்.

இலக்கியத் திறனாய்வாளர் இந்நூலை, நம்பத்தகாத கதைசொல்லியைக் கொண்ட படைப்புகளுள் முக்கியமான ஒன்றாகக் கருதுகின்றனர். கதையைத் தன் வாயால் சொல்பவனது கூற்றை அப்படியே ஏற்க இயலாதவாறு ஆசிரியர் கதையை அமைத்திருந்தால், அவனை நம்பத்தகாத கதைசொல்லி என்கிறோம். 1961இல் அமெரிக்கத் திறனாய்வாளர் வேன் பூத் இச்சொல்லாட்சியை வழக்கிற்குக் கொண்டுவந்தார். சொல் புதியதாயினும் பொருள் பழையது. தன்னைக் குறித்து மனிதன் சொல்லுவதை எவ்வளவு நம்பலாம் என்னும் கேள்வியைத் திருமறை பலமுறை எழுப்புகிறது (எரேமியா 17:9; 1 யோவான் 1:8). நாத்தான் சொன்ன கதையில் வரும் செல்வனுக்குத் தாவீது சரியான தீர்ப்பே வழங்கினான். அச்செல்வன் தானே என்பதைத்தான் அவன் அறியாதிருந்தான் (2 சாமுவேல் 12:1-7).

திருப்பணியாளர் நாள்தோறும் பிறர் தங்களைப் பற்றிச் சொல்லும் கதைகளைக் கேட்பவர். தம்மைப் பற்றியும் சொல்பவர். ஆகவே இந்நாவல் எழுப்பும் கேள்வி நம்முடைய கேள்வியுமாகும்.

1. ஆசிரியரும் நூலும்

ஜேம்ஸ் ஹாக் 1770ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லைப் பகுதியிலுள்ள எட்ரிக் என்னும் பங்கில் பிறந்தார். இளமையில் ஆடு மேய்த்தார். பள்ளியில் அவர் கற்றது மிகக் குறைவு. பெரும்பாலும் தாமாகவே வாசித்து அறிவு பெற்றவர். அவருடைய தாய் மார்கரெட் லெய்ட்லா பழைய கதைப்பாடல்களை மனப்பாடமாக அறிந்தவர். சர் வால்டர் ஸ்காட் கதைப்பாடல்களைத் தொகுத்தபோது அவருக்கு உதவியவர்களுள் ஒருவர். 'எட்ரிக் மேய்ப்பர்' என்றே ஹாக் எழுத்துலகில் அறியப்பட்டார். 1835இல் மறைந்தார்.

எட்ரிக் பங்கு திருச்சபை வரலாற்றிலும் இடம்பெற்றது. 1707 முதல் 1732 வரை அங்குப் போதகராயிருந்தவர் தாமஸ் பாஸ்டன். கிருபையின் கொடை நிபந்தனையற்றது என வற்புறுத்திய ஒரு பழைய நூலை அவரும் அவருடைய தோழர்களும் ஆதரித்தபோது, அந்நூல் நியாயப்பிரமாணத்தை வேண்டாததாக்குகிறது என்று கூறி ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை 1720இல் அதைக் கண்டித்தது. பாஸ்டன் அக்குற்றச்சாட்டை மறுத்தார். கிருபையே பரிசுத்த வாழ்வைப் பிறப்பிக்கும் என்பது அவரது போதனை. அவர் மறைந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே பங்கில் பிறந்தவர் ஹாக். தெரிந்துகொள்ளுதல், நீதிமானாக்கப்படுதல், கிருபை என்னும் சொற்கள் அவர் வளர்ந்த மண்ணில் மேய்ப்பர் குடிசைகளிலும் பேசப்பட்டவை. எனவே இந்நாவலைச் சமயத்திற்குப் புறம்பே நின்ற ஒருவர் எறிந்த கல்லாகக் கொள்ளலாகாது. உள்ளே வளர்ந்த ஒருவரின் எச்சரிப்பாகவே இதைப் படிக்கவேண்டும்.

நூல் வெளியான காலத்தில் அதனை வாங்கியவர் சிலரே. ஆசிரியர் மறைந்தபின் 1837இல் வெளியான பதிப்பில் பல பகுதிகள் வெட்டப்பட்டன. 1947இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் முன்னுரையுடன் ஒரு பதிப்பு வந்த பின்னரே உலகம் இதன் பெருமையைப் பரவலாக உணர்ந்தது.

2. ஒரே கதை, இரு வாய்கள்

நாவல் மூன்று பகுதிகளால் ஆனது. முதலில், பெயர் கூறாத ஒரு 'பதிப்பாசிரியர்' நூறாண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்ச்சிகளை வரலாறு போல விவரிக்கிறார். அடுத்து, குற்றவாளியே எழுதிய நினைவுகள் வருகின்றன. இறுதியில் பதிப்பாசிரியர் மீண்டும் வந்து, அந்நினைவுகள் தமக்குக் கிடைத்த வகையைச் சொல்கிறார்.

கதை 1687இல் தொடங்குகிறது. டால்காசில் நிலக்கிழார் ஜார்ஜ் கோல்வன் களிப்பும் குடியும் விரும்புகிறவர். அவருக்கு மனைவியாக வந்தவள் கடுமையான சமயப்பற்றுள்ளவள். இருவரும் ஒரே மாளிகையில் பிரிந்து வாழ்கின்றனர். அப்பெண்ணின் ஆவிக்குரிய ஆலோசகர் போதகர் ராபர்ட் ரிங்கிம். பிள்ளைகள் இருவர். மூத்தவன் ஜார்ஜைத் தந்தை ஏற்றுக்கொள்கிறார். இளையவனைத் தம் மகனென ஏற்க மறுக்கிறார். போதகரின் பெயரையே பெற்று, அவருடைய வீட்டில் ராபர்ட் ரிங்கிம் என வளர்கிறான் அவன்.

எடின்பரோ நகரில் சகோதரர் சந்திக்கின்றனர். தம்பி அண்ணனை நிழல்போல் தொடர்ந்து சினமூட்டுகிறான். ஒருநாள் விடியற்காலையில் ஆர்தர்ஸ் சீட் என்னும் குன்றின் உச்சியில், மூடுபனியின்மேல் பேருருவாய்த் தன் தம்பியின் முகம் எழுவதை ஜார்ஜ் காண்கிறான். திரும்பிப் பார்த்தால் தம்பி அவன் பின்னாலேயே நிற்கிறான். சில காலத்திற்குப் பின் ஓர் இரவில் ஜார்ஜ் குத்திக் கொல்லப்படுகிறான். பழி அவனது நண்பன் ஒருவன்மேல் விழுகிறது. துயரத்தால் தந்தை மரிக்க, சொத்து முழுவதும் ராபர்ட்டைச் சேர்கிறது.

இதே நிகழ்ச்சிகளை ராபர்ட் தன் நினைவுகளில் திரும்பச் சொல்கிறான். 1704 மார்ச் 25ஆம் நாள், அவன் பதினெட்டாம் வயதை எட்டியிருந்தபோது, அவன் தெரிந்துகொள்ளப்பட்டோருள் ஒருவன் என்றும், அந்நிலை இனி எச்செயலாலும் மாறாது என்றும் போதகர் ரிங்கிம் அறிவிக்கிறார். மகிழ்ச்சி தாளாமல் வயல்வெளியில் ஓடும் அவனை, உருவிலும் உடையிலும் அவனையே ஒத்த ஓர் இளைஞன் எதிர்கொள்கிறான். தன்னைக் கில்-மார்ட்டின் என்று அழைக்கச் சொல்லும் அவன், விரும்பியவரின் சாயலைத் தன் முகத்தில் வருவித்துக்கொள்ள வல்லவன். மரியாளுக்குத் தூதன் நற்செய்தி கொணர்ந்ததை நினைவுகூரும் திருநாளில் இவ்விருந்தாளி வருகிறான் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

அதன்பின் ராபர்ட்டின் வாழ்வு கொலைகளின் வரிசையாகிறது. முதற்பலி, கில்-மார்ட்டினைக் குறித்து அவனை எச்சரித்த பிளாஞ்சர்ட் என்னும் முதிய போதகர். அடுத்தவன் சொந்த அண்ணன். பின்னர், மாதக்கணக்கில் தான் என்ன செய்தேன் என்றே அறியாத நிலை வருகிறது. தனக்கு நினைவில்லாத கொடுமைகளுக்கு அவன்மேல் குற்றம் சாட்டப்படுகிறது. டால்காசிலை விட்டு ஓடி, ஓர் அச்சகத்தில் வேலைசெய்து, தன் நினைவுகளை அங்கேயே அச்சிடுகிறான். அதுவும் வெளிப்பட, மறுபடியும் ஓடுகிறான். 1712 செப்டம்பர் 18ஆம் நாள் எழுதிய குறிப்போடு அவன் குரல் நின்றுவிடுகிறது. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவனாக ஒரு மலைமேல் அவன் புதைக்கப்படுகிறான்.

3. சொல்பவனை நாம் ஐயுறுவது ஏன்?

ஒத்தமைவு நற்செய்திகளை அருகருகே வைத்துப் படிக்கப் பழகிய இறையியல் மாணவர், இந்நாவலின் இரு விவரங்களையும் அவ்வாறே வைத்துப் படித்தல் நன்று. அப்போது மூன்று செய்திகள் தெளிவாகும்.

முதலாவது, ராபர்ட் தன் தீச்செயல்களை மறைப்பதில்லை; அவற்றிற்கு வேறு பெயரிடுகிறான். பள்ளியில் மக்கில் என்னும் மாணவன் அவனைவிடக் கல்வியில் சிறந்தவன். ஆசிரியரை இகழும் படங்களைத் தானே வரைந்து, அவற்றை மக்கில் வரைந்ததாகக் காட்டி, அவனுக்கு அடியும் அவமானமும் வாங்கித் தருகிறான் ராபர்ட். இதை அவனே ஒளிவின்றி எழுதுகிறான். துன்மார்க்கன் ஒருவன்மேல் அடைந்த வெற்றியாக எழுதுகிறான். பொய் நிகழ்ச்சியில் இல்லை. அதற்கு அவன் தரும் விளக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது, அவனுடைய நினைவு இரவல் வாங்கப்பட்டது. அண்ணனின் மரணத்தைப் பற்றி எழுதும்போது, முறையாக அறைகூவி நேர்நின்று போரிட்டு வென்றதாகச் சொல்கிறான். உடனே, தன் மனத்தில் பதிந்த காட்சி இதிலிருந்து ஓரளவு வேறுபட்டதே என்றும், ஆயினும் தன் நண்பன் பின்னர் விவரித்தவாறே இதை எழுதுவதாகவும், தான் அப்போது கலங்கியிருந்தமையால் நண்பனின் கூற்றே நம்பத்தக்கது என்றும் சேர்த்துக்கொள்கிறான். முதற்பகுதியில் சாளரத்தின் வழியே பார்த்திருந்த சாட்சியோ, குத்து பின்னாலிருந்து விழுந்தது என்கிறாள். தான் செய்ததைத் தானே காண மறுக்கும் மனத்தின் இயல்பை இந்த ஓரிடமே காட்டிவிடுகிறது.

மூன்றாவது, வாசகர் காண்பதை அவன் காண்பதில்லை. கில்-மார்ட்டின் ஒருபோதும் இறைவேண்டலில் சேர்வதில்லை. தனக்குப் பெற்றோர் எவருமில்லை, ஒருவர் உண்டு, அவரையும் தான் ஏற்பதில்லை என்று சொல்கிறான். தன் அதிகாரத்திற்குட்பட்டோர் எண்ணற்றோர் என்று குறிப்புக் காட்டுகிறான். இவற்றையெல்லாம் கேட்ட ராபர்ட், இவன் மாறுவேடத்தில் பயணம்செய்யும் ருஷ்யப் பேரரசர் பீட்டராக இருக்கவேண்டுமென முடிவுசெய்கிறான்! ஞானஸ்நானம் பெற்ற சிறுபிள்ளையும் ஊகிக்கக்கூடியதை, இறையியல் வாதங்களில் தேர்ந்த இளைஞன் ஊகிக்கவில்லை. நாம் நகைக்கிறோம், நகைத்த மறுகணமே அஞ்சுகிறோம்.

எச்சரிப்பு அவனுக்கு வராமலில்லை. அண்ணனைக் குன்றிலிருந்து தள்ளும் எண்ணத்துடன் ஏறும் காலையில், வெண்ணுடை அணிந்த ஒரு பெண்ணுரு அவனைக் கடிந்து தடுக்கிறது. அவன் நடுங்கித் தயங்குகிறான். கில்-மார்ட்டின் வந்து அத்தயக்கத்தைக் கோழைத்தனம் என்கிறான். கிருபை பேசிய குரலை அவனே எழுதிவைக்கிறான். அது கிருபையின் குரல் என்பதை மட்டும் அறியாமல் எழுதுகிறான்.

தமிழில் 'அறிக்கை' என்னும் சொல்லை நாம் பாவ அறிக்கைக்கும் விசுவாச அறிக்கைக்கும் வழங்குகிறோம். ராபர்ட்டின் நூல் பாவ அறிக்கை என்னும் பெயர் தாங்கியது. உள்ளடக்கத்திலோ அது முழுவதும் விசுவாச அறிக்கையே. தன் கொள்கை பிழையற்றது என்பதையே பக்கந்தோறும் நிறுவுகிறான். 'நான் கொன்றேன்' என்னும் வாக்கியம் அங்கு உண்டு. 'நான் பாவம் செய்தேன்' என்பது அதனோடு சேர்வதில்லை. இறுதிப் பகுதியில், தன் எழுத்தை மாற்றவோ திருத்தவோ துணிபவன்மேல் சாபமும் கூறுகிறான். வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவிலுள்ள எச்சரிப்பைத் தன் வாழ்க்கைக் கதைக்கு முத்திரையாக எடுத்துக்கொள்கிறான் எனலாம். தன் கதை திருத்தத்திற்கு அப்பாற்பட்டது என்று எண்ணுபவனுக்கு மனந்திரும்புதல் எவ்வாறு கிட்டும்?

4. கில்-மார்ட்டின் யார்?

சாத்தானா, அன்றி ராபர்ட்டின் நோயுற்ற மனம் படைத்த இரட்டையுருவா? திறனாய்வாளர் நெடுங்காலமாக இதனை விவாதித்துவருகின்றனர். இரண்டிற்கும் நூலில் சான்று உண்டு. ராபர்ட் தன்னையே இருவராக உணரும் இடங்கள் மனநோயைக் காட்டுகின்றன. ஆனால் நிலக்கிழாரின் இல்லத்தை நடத்திவந்த லோகன் அம்மையாரும், கொலையைக் கண்ட பெல் கால்வர்ட் என்பவளும், ராபர்ட்டுடன் இறந்துபோன ஜார்ஜின் உருவத்தில் ஒருவன் நடந்துவரக் கண்டு மூர்ச்சையாகுமளவு அஞ்சுகின்றனர். தன் மனத்தில் மட்டும் இருப்பதைப் பிறர் காண்பது எங்ஙனம்?

ஹாக் இவ்வையத்தைத் தீர்த்துவைக்கவில்லை. தீராமலிருப்பதே அவர் நோக்கம். இறையியல் நோக்கிலும் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் கட்டாயம் நமக்கில்லை. சோதனை ஒருவனது சொந்த இச்சையிலிருந்தே எழுகிறது என்னும் யாக்கோபின் போதனையும் (1:14), சாத்தான் ஒளியின் தூதன் வேடம் பூணுவான் என்னும் பவுலின் எச்சரிப்பும் (2 கொரிந்தியர் 11:14) ஒரே திருமறையில் உள்ளன. கில்-மார்ட்டினின் முகம் ராபர்ட்டின் முகமே என்பதில் இவ்விரண்டும் சந்திக்கின்றன.

அவன் சோதிக்கும் முறையும் கருதத்தக்கது. புதிய போதனை எதையும் அவன் கொணர்வதில்லை. ராபர்ட் ஏற்கெனவே நம்புவதை ஆமோதித்து, அதிலிருந்து அடுத்த முடிவை எடுத்துக்காட்டுகிறான்; அவ்வளவே. தெரிந்துகொள்ளப்பட்டவன் வீழ்வதில்லை என்றால், அவன் செய்வது எதுவும் அவனை வீழ்த்தாதல்லவா? துன்மார்க்கர் அழிவுக்கென்றே இருப்பவர் என்றால், அவர்களைச் சற்று முன்னதாக அனுப்புவது குற்றமாகுமா? படிகள் ஒவ்வொன்றும் தர்க்கமுறைப்படி அமைந்தவை. முடிவில் இருப்பதோ ஒரு சகோதரனின் பிணம்.

5. கோட்பாடும் அதன் திரிபும்

இந்நாவல் முன்குறித்தல் கோட்பாட்டையே எள்ளி நகையாடுகிறது என்று சிலர் கொண்டனர். நூலைக் கருத்தாய்ப் படிப்போர் அவ்வாறு சொல்லார். ராபர்ட்டை எச்சரிக்கும் பிளாஞ்சர்ட்டும் ஒரு போதகரே. சமயம் மேன்மையானதே என்றும், அதன் ஒரு பகுதியை மட்டும் எல்லைகடந்து இழுப்பதே கேடு என்றும் அவர் வாதிடுகிறார். அவர் வாயடைக்கப்படுவதோடு நூலில் இறையியலின் நிதானமான குரல் நின்றுவிடுகிறது.

சீர்திருத்தத் திருச்சபைகளின் அறிக்கைகள் இத்திரிபை அறியாதவையல்ல. ஸ்காட்லாந்துத் திருச்சபை 1647இல் ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, மூன்றாம் அதிகாரத்தின் இறுதியில், முன்குறித்தல் பற்றிய போதனையைத் தனிக் கவனத்தோடும் விவேகத்தோடும் கையாளவேண்டுமென அறிவுறுத்துகிறது. பதினெட்டாம் அதிகாரம், மெய்யான விசுவாசிகளின் நிச்சயமும் பலவகைகளில் அசைவுறக்கூடும் என ஒப்புக்கொள்கிறது. நாம் தெரிந்துகொள்ளப்பட்டதைக் கிறிஸ்துவாகிய கண்ணாடியிலேயே காணவேண்டும். நம்மில் தேடலாகாது என்பது கால்வினின் போதனை. கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்னும் கேள்வியைப் பவுல் தாமே எழுப்பித் தாமே மறுத்துவிட்டார் (ரோமர் 6:1,2). லூத்தரும் தம் நண்பராயிருந்த அக்ரிக்கோலாவோடு 1530களின் பிற்பகுதியில் இதுபற்றியே வழக்காடினார்.

அவ்வாறாயின் ராபர்ட்டின் வாழ்வில் பிழை எங்கே புகுந்தது? கோட்பாடு சொல்லப்பட்ட விதத்தில் புகுந்தது என்பது நம் கருத்து. மார்ச் 25க்கு முன் ராபர்ட் அச்சத்தில் வாழ்ந்த பையன். தன் பாவங்களை எண்ணி எண்ணி, கணக்கு மனந்திரும்புதலை முந்திச் செல்வதைக் கண்டு தத்தளித்தவன். அவனுக்குத் தேவைப்பட்டது நற்செய்தி. கிடைத்ததோ ஒரு பதவி. மன்னிக்கப்பட்டாய் என்று சொல்லவேண்டிய போதகர், உயர்த்தப்பட்டாய் என்று சொல்கிறார். அத்துடன் நில்லாமல், ஆண்டவருடைய பகைவரை வெட்டும் ஆயுதமாக அவனை அர்ப்பணித்து ஜெபிக்கிறார். அச்சத்திலிருந்த சிறுவன் ஒரே நாளில் வாளாகிறான். பரிசுத்தமாயிருப்பதற்கென்றே தெரிந்துகொள்ளப்பட்டோம் என்னும் எபேசியரின் வாக்கு (1:4) அங்கு ஒலிக்கவேயில்லை.

6. பதிப்பாசிரியர் நம்பத்தக்கவரா?

இதுவரை கூறியதைக் கொண்டு, ராபர்ட் பொய்யன், பதிப்பாசிரியர் மெய்யர் என முடிவுகட்டுதல் எளிது. ஹாக் அவ்வெளிமையையும் நமக்குத் தரவில்லை. பதிப்பாசிரியர் கற்றறிந்தவர், சமய வெறியை ஏளனம் செய்பவர். ஆனால் அவர் எழுத்தையும் கூர்ந்து காணவேண்டும். திருமணமான புதிதில் கணவனை விட்டு ஓடிவந்த மகளை, அவள் தந்தை அடிக்கிறார். தன் மகளுக்குத் தீங்கிழைத்த மருமகனைப் பழிவாங்க அவன் மனைவியை அடிப்பதாகச் சொல்லிக்கொண்டு அடிக்கிறார். பதிப்பாசிரியர் இதனை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார். குடித்துக் களிக்கும் நிலக்கிழார் அவருக்கு நல்ல மனிதர். அடிபட்ட பெண் நகைப்புக்குரியவள். அப்பெண்ணின் சமயக் கடுமைக்குள் என்ன காயம் இருந்தது என்று அவர் கேட்பதில்லை.

நூலின் இறுதியில் அவரும் நண்பர்களும் தற்கொலை செய்தவனின் கல்லறையைத் தேடிச் செல்கின்றனர். அதைப் பற்றி ஜேம்ஸ் ஹாக் எழுதிய கடிதமொன்று 1823 ஆகஸ்டில் 'பிளாக்வுட்ஸ்' இதழில் வந்திருந்தது. அக்கடிதம் மெய்யாகவே அவ்விதழில் வெளியானது என்பது வியப்பு. கதைக்குள் அவர்கள் ஹாக்கை ஒரு சந்தையில் சந்தித்து உதவி கேட்கின்றனர். அவரோ, தமக்கு ஆட்டு வியாபாரம் இருப்பதாகச் சொல்லி வர மறுத்துவிடுகிறார். கல்லறையும் கடிதம் சொன்ன இடத்தில் இல்லை. தோண்டியெடுத்த நினைவுகளைப் படித்த பதிப்பாசிரியர், இது கனவோ, உவமையோ, பித்தனின் பிதற்றலோ தமக்கு விளங்கவில்லை என்று கைவிரிக்கிறார். சமயவெறி கொண்டவன் தன்னைக் காணவில்லை. அறிவுக்கொள்கை கொண்டவர் தம் எதிரே கிடக்கும் மனிதனைக் காணவில்லை.

மெய் பேசுவோர் இந்நூலில் வேறிடத்தில் இருக்கின்றனர். கொலையை உள்ளவாறு கண்டவள், ஊரார் ஒதுக்கிய பெல் கால்வர்ட். லோகன் அம்மையாரின் வீட்டில் திருடியதாக அவள் நீதிமன்றத்தில் நிற்கும்போது, பணிப்பெண் பெஸ்ஸி கில்லிஸிடம் அப்பொருள்களைக் காட்டி அடையாளம் கேட்கின்றனர். ஒத்திருக்கின்றன என்பதற்குமேல் தன்னால் உறுதிகூற இயலாதென அவள் மறுத்துவிடுகிறாள். ஒரு பெண்ணின் உயிர் தப்புகிறது. எல்லாவற்றையும் உறுதியாக அறிந்திருப்பதாகச் சொல்பவன் கொல்கிறான். இவ்வளவே அறிவேன் என்பவள் காக்கிறாள். ஒன்றைப்போல் இருப்பது வேறு, அதுவாகவே இருப்பது வேறு என்பதை, இரட்டையுருக்கள் நிறைந்த இக்கதையில் ஒரு பணிப்பெண்ணே அறிந்திருக்கிறாள்.

7. திருப்பணிக்குரிய பாடங்கள்

அ. சாட்சி கேட்டல். ஒருவர் தம் ஆவிக்குரிய வாழ்வைப் பற்றிச் சொல்லும்போது, அவர் கூறும் தேவ அனுபவத்தை மட்டும் நாம் கேட்பது போதாது. அக்கதையில் அயலானுக்கு என்ன நேருகிறது என்றும் கேட்கவேண்டும். ராபர்ட்டின் நினைவுகளில் மக்கிலின் வலிக்கு இடமில்லை. தாயின் துயருக்கு இடமில்லை. பிறருடைய துன்பம் எந்தச் சாட்சியில் வெற்றியாக மாறுகிறதோ, அங்கே போதகர் விழிப்படையவேண்டும்.

ஆ. ஆவிகளைச் சோதித்தல். புதிய நண்பனைச் சந்தித்து ஒளியிழந்த முகத்தோடு வீடு திரும்பிய ராபர்ட்டைக் கண்டு பெற்றோர் கலங்கினர். அப்போது போதகர் ரிங்கிம் கேட்டது ஒரே கேள்வி: அவன் நம் கொள்கைகளை ஒப்புக்கொண்டானா? ஆம் என்ற விடை வந்ததும், அவன் தீயவனின் ஏவலாளன் அல்லன் என்று மனநிறைவு கொண்டார். பையனின் முகத்தில் தோன்றிய மாறுதலைக் கண்டும், கொள்கையால் அதைத் தள்ளிவிட்டார். கனிகளைக் கொண்டே மரத்தை அறியவேண்டும் என்பதும் (மத்தேயு 7:16-20), சகோதரனைப் பகைத்துக்கொண்டு கடவுளை நேசிப்பதாகச் சொல்வது பொய் என்பதும் (1 யோவான் 4:20) கொள்கைச் சோதனையோடு சேர்ந்தே நிற்கவேண்டியவை.

இ. பிரசங்கித்தல். நூலின் நடுவே, ராபர்ட்டின் வேலைக்காரன் ஒரு கிராமத்துக் கதை சொல்கிறான். ஆக்டர்மக்டி என்னும் ஊரில், கண்டிப்பான பிரசங்கங்களுக்கு ஏங்கியிருந்த சபைக்குப் புதிய பிரசங்கியார் ஒருவர் வருகிறார். எசேக்கியேலிலிருந்து வசனம் எடுத்துப் பேசுகிறார். சபையார் அழுது புலம்பிப் பரவசமடைகின்றனர். அடுத்தமுறை அவர் வந்தபோது, ராபின் ருத்வன் என்னும் முதியவர் ஒருவர் அவர் அங்கியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டுகிறார். அதனடியில் பிளவுண்ட குளம்புகள்! வனாந்தரத்தில் ஆண்டவரைச் சோதித்தவனும் சங்கீதத்தையே எடுத்துக் காட்டினான் (லூக்கா 4:10,11). நம்முடைய அருளுரை கேட்போரை அசைத்தது என்பது மட்டும் அதற்குச் சான்றாகாது.

ஈ. நம்மைக் காணுதல். தன்னை நீதிமானாகக் காட்ட விரும்பிய நியாயசாஸ்திரியை லூக்கா நமக்குக் காட்டுகிறார் (10:29). அவனுக்கு ஆண்டவர் தந்த விடை ஒரு கதை. அதில் லேவியனும் ஆசாரியனும் விலகிப்போயினர். நீதிமானாக்கப்படுதல் கடவுளின் செயல். தன்னை நீதிமானாக்கிக்கொள்வது கதைசொல்பவனின் செயல். முந்தியதைப் பற்றி எவ்வளவு பிழையின்றிப் பேசினாலும், பிந்தியதை நாம் செய்துகொண்டிருக்கக்கூடும். போதகரின் ஆண்டறிக்கையிலும், சபைப் பூசல் ஒன்றை நண்பருக்கு விவரிக்கும் கடிதத்திலும், வீட்டாரிடம் பேசும் பேச்சிலும் அது நிகழ்கிறது.

முடிவுரை

ஹாக்கின் நாவல் இறையியல் மாணவருக்குக் கோட்பாட்டின்மேல் ஐயத்தை விதைப்பதற்காக அன்று, கோட்பாட்டைச் சொல்லும் தன் குரலை அவர் கேட்கக் கற்பதற்காகப் படிக்கத்தக்கது. இந்நூலைத் தனியே படிப்பதைவிடச் சிறு குழுவாய்ப் படித்தல் நலம். ராபர்ட்டின் கதைக்குத் திருத்தம் சொல்லவல்லவர் ஒவ்வொருவராய் நீக்கப்பட்டனர் என்பதை அப்போது உணரலாம். பிளாஞ்சர்ட் கொல்லப்பட்டார், அண்ணன் கொல்லப்பட்டான், உண்மை பேசிய வேலைக்காரர் விலக்கப்பட்டனர். எஞ்சியவன், அவன் முகத்தையே அணிந்து, அவன் சொன்னதற்கெல்லாம் ஆம் என்ற ஒருவன்.

நம் கதையைத் திருத்தும் உரிமையை யாருக்கேனும் கொடுத்திருக்கிறோமா? தாவீதுக்கு ஒரு நாத்தான் இருந்தான். அவனை அரண்மனைக்குள் விடவும் தாவீது இசைந்திருந்தான். நாத்தான் பேசி முடித்தபின் தாவீது சொன்னது மிகச் சுருக்கமான ஓர் அறிக்கை. ராபர்ட்டின் நீண்ட நூலில் இல்லாதது அதுவே.